சூசை வீட்டுக் கடல் பக்கச் சுவர்

போன வாரம் எங்கள் குடியிருப்புக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்தார்கள். மூன்றாம் நாளே என் ஜன்னலுக்குக் கீழே டீ சிந்தினது மாதிரி ஒரு கறை. "எத்தினி கோட்டு குட்த்தாலும் வரும் சார், உள்ள இன்னாமோ கீது" என்றார் பெயிண்டர். எனக்கு ராயபுரத்துச் சூசை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்திருந்தது. நான் துறைமுகத்தில் குமாஸ்தா. சேர்ந்து ஆறு மாதம்தான். துறைமுகமே என்னால் நடப்பதாக நினைப்பு. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் சூசை வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். சூசை கிரேன் ஓட்டுகிறவர். அவர் மனைவி ரோசம்மா. ஒரே மகன் லாசர் யுத்தத்தின்போது சரக்குக் கப்பலில் கரி தள்ளப் போனவன். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போட்டான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலியானபோது, கடலைப் பார்த்த வெள்ளைச் சுவர்களைக் கறுப்பாக்கச் சொன்னார்களாம். தெருவில் எல்லோரும் சாணியில் கரியைக் கரைத்துப் பூசினார்கள். இரண்டு மழையில் போய்விட்டது. சூசை எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். படகுக்குப் பூசுகிற தாரைக் காய்ச்சிப் பூசினார்.

அந்தத் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். நீர்த்த சுண்ணாம்பின் சூடான வாசனை கருவாட்டு நாற்றத்தையே அமுக்கிவிடும். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் அடிக்கமாட்டார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவரைப் பார்த்தால் போதும்.

அதனால் ரோசம்மா வருஷம் தவறாமல் வெள்ளையடிக்க வைத்தார். ஜனவரி பிறப்பதற்குள் தார் பழுப்பாக மேலே வந்து, வெள்ளையே அடிக்காத சுவர் மாதிரி ஆகிவிடும்.

"இன்னாக்கா, இந்தச் செவுரு இவ்ளோ சுண்ணாம்பு துன்னுது? வெத்தலதான் பாக்கி" என்பான் வெள்ளையடிக்கிற முனுசாமி.

ரோசம்மா சிரிக்கமாட்டார். அவன் போனதும் கணவர் பக்கம் திரும்புவார். "ஊரே சாணி பூசிச்சு. நீ தாரப் பூசி எம்புள்ளய சாவடிச்சிட்டே."

"குண்டு வுழுந்திருந்தா?"

"வூடு போயிருக்கும். போவட்டுமே."

இதெல்லாம் மாடிக்குக் கேட்கும். நான் பேப்பரைக் கொஞ்சம் சத்தமாகப் புரட்டுவேன். எனக்குத் தெரிந்த ஒரே உபகாரம் அது.

ஒரு வருஷம் சூசை உளியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் சுவரைக் கொத்துவார். நானும் ஒருநாள் கொத்தினேன். அரை மணியில் கை கொப்பளித்துவிட்டது. "நீ போய் பேனா புடி சார்" என்றார். இரண்டு மாதத்தில் செங்கல் தெரியப் பழைய பூச்சு முழுவதும் விழுந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் புதிதாகப் பூசி, காயவிட்டு, வெள்ளையடித்தார்கள். ஒரு பொட்டுக் கறை வரவில்லை. ரோசம்மா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் முதலில் மீன்காரி வந்தாள். "இன்னாக்கா, செவுரு பளபளன்னு கீது! லாசரு வந்துட்டானா?"

"இல்ல."

அடுத்த வீட்டுக்காரர் வந்தார். "லெட்டர் கிட்டர் போட்டுக்கிறானா?"

"இல்ல."

கோயில் உபதேசியார் கையில் கேக்கோடு வந்தார். எல்லோருக்கும் முகம் நிறையச் சந்தோஷம். பொங்கல் வரைக்கும் வந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த அம்மாள் வாசலில் நின்று "இல்ல" என்று சொன்னார். அதுவரை அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

அடுத்த டிசம்பரில் முனுசாமி வாளியும் மட்டையுமாக வந்தான்.

"இந்த வருசம் வேணாம் முனுசாமி" என்றார் ரோசம்மா.

முனுசாமிக்குப் புரிந்துவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றான். உள்ளே சூசை சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி கன்னத்திலேயே நின்றது. அடுத்த ஞாயிறு லாசர் பெயருக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். வீடு இருந்த இடத்தில் லாரி ஆபீஸ். தெருவெல்லாம் பச்சை, ரோஸ், நீலம், எல்லாம் புதுசு. அங்கே அரை மணி நேரம் நின்றேன். எந்த வீட்டில் யார் இல்லாமல் போனார்கள் என்று ஒரு சுவரும் சொல்லவில்லை. விசாரிக்கலாம் என்றால், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.