மூணு கோட்டு கேரட்

வியாதிக்காரருக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுப்பது, சாப்பிடத் தெரியாதவர் யாரும் இல்லாத ஊரில் பேச்சு வாங்கிப் பிழைக்கும் தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் டயட்டீஷியன். இதே பிழைப்பில் இருப்பவர்களே, வாருங்கள், சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வோம்.

சீட்டு

தனசேகர், எஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் தகடுகளுக்கு வர்ணம் அடிக்கும் பெயின்டர். பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு நாளைக்குப் பத்து தடவை ரத்தமாகப் போய் ஆள் பாதியாகிவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, இரண்டு மாதத்தில் ரத்தம் நிற்காவிட்டால் ஆபரேஷன் செய்து குடலையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி என்னிடம் அனுப்பினார். குழைந்த சோறு, இட்லி, முட்டை, தோல் சீவி வேகவைத்த கேரட், பழுத்த பப்பாளி என்று தொண்டை வறளச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், சோறு துன்றதுக்குகூடவா சீட்டு எழுதிக் குடுப்பாங்கோ?"

துரு

அன்று என் நாக்கில் சனி. கேரட் எதற்கு என்று அவர் கேட்டதும், ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் புரியாதே, பெயின்டர்தானே என்று, "இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளயும் ஒண்ணு நடக்கும். அதைத் தடுக்கிற சத்து" என்று சொல்லி வைத்தேன்.

பத்தாம் நாள் வந்தார். எடை ஒரு கிலோ குறைந்து, ரத்தம் கூடியிருந்தது. விசாரித்தால், தினம் ஒரு கிலோ பச்சைக் கேரட், அதற்குமேல் நெல்லிக்காய், அதற்கும்மேல் வேகவைக்காத கீரை. மாத்திரையை நிறுத்தியாயிற்று. புண்ணான குடலில் இத்தனை நாரும் புளிப்பும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சா எங்க செக்‌ஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்கோ மேடம். அதான் மூணு கோட்டா துன்னேன்."

கருவாடு

அடுத்த வாரம் கேரட் நின்று மாத்திரை மறுபடி தொடங்கியிருந்தது, ரத்தம் நிற்கவில்லை. அவர் மனைவி கஸ்தூரியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். குழைந்த சோற்றின் அடியில் தினமும் காரம் போட்ட கருவாட்டுக் குழம்பு ஒளிந்திருந்த கதை வெளியே வந்தது.

"கஞ்சி ஊத்தியே புருசன எலும்பாக்கிட்டான்னு லைன் ஊடு முழுக்க என்னைத்தான் பேசிக்கினு கீறாங்கோ. நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

பிரைமர்

பொறுமை போய்விட்டது. இருவரையும் நிற்கவைத்து, "துருப்பிடிச்ச தகட்டு மேல நேரா பெயின்ட் அடிப்பியாய்யா?" என்று கத்தினேன். தனசேகருக்கு முகம் மாறியது. தேய்க்கணும், அடிப்பூச்சா பிரைமர் அடிக்கணும், காயணும் என்று முணுமுணுத்தார். தேய்க்கிறது மாத்திரை, பிரைமர் குழைந்த சோறு, பச்சைக் கேரட்டும் கீரையும் புண் ஆறிக் காய்ந்த பிறகு என்றேன். கஸ்தூரிதான் முதலில் தலையாட்டினாள்.

இரண்டு மாதம் முடிந்தபோது ரத்தம் நின்று, எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. டாக்டர் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுவாரம் தனசேகர் தன்னோடு வேலை செய்யும் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"தெனம் மூணு வேளையும் கொழஞ்ச சோறுதான்னு இவராண்ட நானே சொல்லிட்டேன் மேடம். நீங்க சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க."

ஒரு குடலைக் காப்பாற்றப்போய் எஸ்டேட்டுக்கு இன்னொரு டயட்டீஷியனை உண்டாக்கிவிட்டேன், கூட்டம் அவருக்குத்தான்.