சலூன்காரரின் கோடுகள்

தாளின் ஓரத்தை இடது கைவிரல்களால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பென்சிலைச் சாய்த்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு. பிறகு பென்சில் முனையை மணிக்கட்டில் துடைத்துக்கொள்வார். எதைத் துடைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. முப்பது வருஷம் சவரக்கத்தி பிடித்த கை.

எங்கள் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் பெரியவர்கள் ஏழு பேர். நான் பொழுது போகாமல் வருகிறவன். சலூன்காரர் அப்படியல்ல. போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் சரியாகிவிட்டது, வலது கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. கடையை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்குத் துண்டு மடிக்கிற வேலை.

"கத்தியத் தொடாதேண்ணேன்னு சொல்லிட்டான் சார். அவன் மேல தப்பில்ல. கழுத்து அடுத்தவனோடதாச்சே!" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

டீச்சர் இன்னும் பூ, பழம் என்று எதையும் கண்ணில் காட்டவில்லை. வெறும் கோடுதான். நேர்கோடு, வளைகோடு, அலைக்கோடு, விட்டுவிட்டுப் போகிற கோடு, தடித்தது, மெலிந்தது. எனக்கு அலுத்தே போய்விட்டது. சலூன்காரருக்கோ கொண்டாட்டம். ஆனால் தடித்த கோடு மட்டும் வராது. "அழுத்திப் போடுங்க, அழுத்திப் போடுங்க" என்று டீச்சர் தலைப்பாடாக அடித்துக்கொள்வார்.

"அழுத்தினா வெட்டிடும் டீச்சர்."

கீழிருந்து மேலே ஒரு கோடு போடச் சொன்னால், தாளையே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இழுப்பார். "எதிர்ப்பக்கமா போனா எரியும்ல?" யாருக்கய்யா எரியும், தாளுக்கா? நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சேர்ந்துகொள்வார்.

போன சனிக்கிழமை ஒரு பக்கம் முழுக்க நேர்கோடுகள் போட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை. டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்றார். அவ்வளவுதான், மனிதர் தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் தாடி வளர்ந்திருந்தது, கூடவே போனேன்.

தம்பி தாளை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"சாருக்கு நானே பண்ணி விடட்டுமாடா?" என்றார் அண்ணன்.

என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. வெட்கக்கேடு! சட்டென்று இறக்கினேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "பரவால்ல சார், என்ன அவசரம்" என்று வாசல் பக்கம் நகர்ந்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"எங்க போற? எனக்கும்தான் மூணு நாள் தாடி. வாண்ணே" என்றார் தம்பி.

சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதன் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை நன்றாக அண்ணாந்து காட்டினார்.