பனிக்குள் நின்ற பிள்ளை வண்டி

கண்ணாடிக் கதவு திறந்ததும் மேலிருந்து சூடான காற்று தலையில் கொட்டும். அதோடு பேக்கரியில் சுடும் கறுவா போட்ட பணிஸின் வாசமும் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் சேர்ந்து வரும். எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோப்பன்ஹேகன் புறநகர் ஒன்றுக்கு அகதிகளாக வந்தபோது, வீட்டில் "சென்டர்" என்றால் அந்தக் கடைத்தொகுதிதான். பேக்கரியும் சப்பாத்துக் கடையும் விளையாட்டுச் சாமான் கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எதுவும் வாங்காவிட்டாலும், சூடு இலவசம் என்று அம்மாவும் நானும் சனிக்கிழமை தவறாமல் போவோம்.

ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருக்க, வாசலுக்கு வெளியே ஒரு பிள்ளை வண்டி தனியே நின்றது. உள்ளே கைக்குழந்தை, மூக்குச் சிவந்து, நல்ல நித்திரை. குளிர்காற்று நல்லதென்று பிள்ளைகளை வெளியே தூங்கவிடுவது இந்த நாட்டு வழக்கம் என்பதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? "ஆரோ பிள்ளையை விட்டிட்டுப் போட்டினம்" என்ற அம்மா, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய், பேக்கரிக்குப் பக்கத்தில் நிறுத்திக் காவல் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் அலறினாள். எங்களுக்கு இன்னும் விசா முடிவாகவில்லை. "பொலிசில மட்டும் மாட்டுப்படாதேங்கோ, திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்பது அப்பா தினமும் ஓதும் மந்திரம். இப்போதோ பிள்ளைபிடிகாரராக நிற்கிறோம். ஓடிவந்த தாய் குழந்தையை வாரி எடுத்தாள். பேக்கரிக்காரர் தொலைபேசியை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய டெனிஷ் மொழியில், அம்மா பிள்ளைக்குக் குளிரும் என்று நினைத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதேன். அம்மாவோ அசையவில்லை. "பச்சைப் பிள்ளையை ஏன் பனிக்குள்ள விட்டவ எண்டு கேள்" என்றார். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் அம்மாவையே பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, தொலைபேசியை வைக்கும்படி பேக்கரிக்காரரிடம் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டில் அப்பா ஏசினார். "ஊரோட ஒத்துப்போக வேணும்" என்றார். "ஊர் பிள்ளையை விறைக்க விட்டா, அதோட என்னெண்டு ஒத்துப்போறது?" என்றார் அம்மா.

மறு சனிக்கிழமையும் அந்தப் பெண் வந்தாள். வண்டியை முன்போலவே வெளியேதான் நிறுத்தினாள்; அம்மாவைக் கண்டதும் கையசைத்துவிட்டுக் கடைக்குள் போனாள். அவளும் மாறவில்லை, அம்மாவும் மாறவில்லை. கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா பனிக்குள் வண்டியருகே நின்றார். அவள் திரும்பி வரும்போது எங்களுக்கு ஆளுக்கொரு பணிஸ் வாங்கி வந்தாள்.

இப்போது அங்கே பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பேக்கரி போய்விட்டது, வாசலில் வண்டிகளும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தக் காலத்தில், கடைசியில் விசா கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் கண்ணீர்விட்டார்கள். ஆனால், அந்தப் பெண் இரண்டாம் முறையும் தன் பிள்ளையை எங்கள் முன்னால் விட்டுப் போனாளே, அன்றைக்கே எனக்கு இந்த நாட்டில் பயம் போய்விட்டது.