வாட்ச்சுக்கும் ஞாயிற்றுக்கிழமை

திண்டிவனத்து வாட்ச் கடையில் அப்பா தன் பழைய குவார்ட்ஸ் வாட்ச்சை நீட்டினார். முள்ளைத் திருப்பும் பக்கத்துத் திருகு வெளியே இழுத்தபடியே இருந்தது. எனக்கு எங்கள் விழுப்புரம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

காலையில் எண்ணெய் மணக்கத் தலைவாரியதும், அப்பா மாதா படத்தின் முன் நின்று அந்தத் திருகை இழுத்து முள்ளை நிறுத்துவார். செல் மிச்சமாகுமாம்.

"ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு. இதுக்கு வேணாமா?" என்பார்.

"பூசைக்கு லேட்டாவுது, மணி என்னாங்க?" என்று அம்மா உள்ளிருந்து கத்துவாள். நின்றுபோன வாட்ச்சைக் கட்டிக்கொண்டு அப்பா வெயிலைப் பார்ப்பார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று இழுத்த திருகை அவர் மறுபடி அழுத்தவேயில்லை.

கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார். "செல்லு உள்ளயே கசிஞ்சி மிஷினை அரிச்சிடுச்சிங்க. வருஷக்கணக்கா வெக்கறதுன்னா செல்லைக் கழட்டிட்டு வெக்கணும்."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை நிறுத்தனதுல ஒண்ணும் தப்பில்லையே?"