அம்மா போட்ட ஓட்டு

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து ஒரு தடவை ஓட்டுப் போட்டாள். அது அவள்தான் என்று அதிகாரியிடம் சாட்சி சொன்னவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு அடி வாங்கினாலும் சமூகப் பாடத்தில் மட்டும் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன்.

வரதய்யபாளையத்திலிருந்து சத்தியவேடு போகிற வழியில் உள்ளே தள்ளி, ஆந்திர எல்லைக்குள் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், மண்டல ஆபீசில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். அந்த வருடம் நைனாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, மறுபடியும் ஊர்த் தலைவர் பதவிக்கு, சர்பஞ்ச் தேர்தலுக்கு நின்றார். எதிர்த்து நின்றவரும் ஒரு வகையில் எங்களுக்குச் சொந்தம்தான். ஊரில் யார்தான் சொந்தமில்லை. போன தடவை பெரியப்பா ஜெயித்தது மூன்று ஓட்டில். அதனால் இந்த முறை ஒவ்வொரு ஓட்டையும் கோழிக்குஞ்சை எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பிலும் அந்த மாதம் மக்களாட்சிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எங்களை உருப்போட வைத்தார் சார். ஓட்டுப் போடும் உரிமை யாருக்கு உண்டு? பதினெட்டு வயது நிறைந்து, பட்டியலில் பெயர் உள்ள எல்லோருக்கும். ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடலாமா? கூடாது. யாருக்குப் போட்டோம் என்பது பிறருக்குத் தெரியுமா? தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓட்டுப் போடுகிறவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்தப் பதில்களில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் ஒரு முறம் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பேச்சைக் கேட்க அதைவிட வசதியான வேலை கிடையாது. நடுவில் படம் போட்ட வாக்காளர் பட்டியல் இருந்தது. அதில் செத்துப்போனவர்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் செத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஒரு ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சாவு வீட்டில் அது யாருக்கு ஞாபகம் வரும். அதனால் ஊரில் எட்டுப் பேர் செத்தும் பட்டியலில் இருந்தார்கள். பூத்தில் அதிகாரி ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு தரப்பு ஏஜென்ட்டுகளும் ஆட்சேபம் சொல்லாவிட்டால்தான் ஓட்டுச்சீட்டுக் கொடுப்பார். ஆக, இரண்டு தரப்பும் ஒத்துப் போனால் செத்தவர்கள் தாராளமாக வந்து போகலாம். எங்கள் பக்கம் நாலு, அவர்கள் பக்கம் நாலு என்று பிரித்தார்கள். எங்கள் பக்கத்து நாலில் ஒரு கிழவர் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் மகன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“கருமாதி கூட ஆவல. அதுக்குள்ள அவர ஓட்டுப் போட இட்டாந்தா நல்லாவா இருக்கும்?”

நியாயம்தான் என்று இரண்டு தரப்பும் தலையாட்டின. கிழவரை விட்டுவிட்டார்கள். சமமாக இருக்கட்டும் என்று எதிர்த்தரப்பும் தங்களில் ஒருவரைக் கழித்துக்கொண்டது. மூன்றுக்கு மூன்று. அவ்வளவு ஒற்றுமையாக, குரல் உயராமல் நடந்த ஒரு கூட்டத்தை நான் அதற்குப் பிறகு எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

எங்கள் மூன்றில் கடைசிப் பெயரை எதிர்த்தரப்பு ஆள் படித்தார். அது அம்மாவின் பெயர். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாருமே வாய்விட்டுச் சொல்லாத பெயர். யாரோ அடுப்படியிலிருந்து ‘ஏன்’ என்று பதில் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். கை கடலையிலேயே நின்றுவிட்டது. நைனா எழுந்து கன்றுக்குட்டியைக் கட்டப் போகிறவர்போல் வெளியே போனார். அது கட்டித்தான் இருந்தது.

இதற்கு யாரை அனுப்புவது என்று யாரோ கேட்டபோது பெரியப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே சித்தி இருந்தாள். நைனா அவளைக் கட்டிக்கொண்டு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரி. இந்த ஊர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, தெலுங்கில் ஒரு வார்த்தையும் தெரியாது. நான் அவளை அதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமானால் சுவரைப் பார்த்துப் பேசுவேன். வெளியூரிலிருந்து வரும் அதிகாரி தெலுங்கில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் கூட அனுப்பலாம், பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் சந்தேகமும் வராது என்று பெரியப்பா சொன்னார். சித்தியை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

தேர்தல் அன்று காலை பெரியம்மா வந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பட்டியலில் இருந்த தபால்தலை அளவு படத்தில் அம்மா எப்படி இருந்தாளோ அப்படியே சித்தியைச் செய்தாள். கரும்பச்சைப் புடவை, நடு வகிடு, இடது மூக்கில் கல். படத்தில் அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பெரியம்மா சித்தியின் மோவாயைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பல் விளக்கிவிட்டு உள்ளே வந்த நான் முதுகுப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அவள் திரும்பினாள், வேறு முகம். அந்த முகத்தின்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழாயடியில் நின்ற ஒருத்தி சட்டென்று குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை. எங்களுக்கு முன்னால், கண்புரையில் பாதிப் பார்வை போன ஒரு பக்கத்து வீட்டுக் கிழவி நின்றிருந்தாள். புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

“எப்பம்மா வந்த? சொல்லாத கொள்ளாத போயிட்டியே.”

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு, இப்போதுதான் வந்தேன் என்று மெல்லச் சொன்னாள். கிழவி திருப்தியாகத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வரிசைகளில் எங்களைத் தவிர இன்னும் ஐந்து செத்தவர்கள் நின்றிருந்தார்கள். கூடத்தில் பெயரைக் கேட்டிருந்ததால் எனக்கு எல்லோரையும் தெரியும். ஆண்கள் பக்கத்தில், போன வருடம் லாரி மோதி இறந்தவரின் இடத்தில் ஒரு சொந்தக்காரப் பையன் நின்றான். அவனுக்குப் பின்னால், பாம்பு கடித்து இறந்தவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

சித்தி குனிந்து, முதல் தடவையாக என்னிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். உங்கம்மா எப்படிப் பேசுவாங்க? சுவர் இல்லாததால் நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகப் பேசுவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள். ஒரு கோடையில் தண்ணி லாரி வந்ததும் பெரியப்பா வீட்டுத் தொட்டி நிறைந்த பிறகுதான் தெருவுக்கு விட்டார்கள். எங்கள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அம்மா காலிக் குடத்தோடு அவர் வாசலில் போய் நின்று, அடுத்த தடவை என் ஓட்டு உங்களுக்கு இல்லை மாமா என்று தெருவே கேட்கச் சொன்னாள். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். இதை நான் பெருமையாகச் சொன்னேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூத் எங்கள் ஐந்தாம் வகுப்புதான். அதிகாரி பட்டியலில் விரலை வைத்து அம்மாவின் பெயரை உரக்கப் படித்தார். பிறகு காத்திருந்தார். இரண்டு தரப்பு ஏஜென்ட்டுகளும் எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர்கள், அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள். இரண்டு பேரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் மட்டும் சுற்றியது. இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் யாராவது ஒருவர், ஐயோ அவள் செத்துவிட்டாளே என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

அதிகாரி படத்தைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். புருஷன் பெயர் என்ன என்று தெலுங்கில் கேட்டார். சித்திக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தலையை உள்ளே நீட்டினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, ஈமெ மீ அம்மேனா?”

இவர் உன் அம்மாதானா என்று கேட்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கான்ஸ்டபிள் இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், வீடு பழையபடி ஆகிவிடும், பச்சைப் புடவை பெட்டிக்குப் போய்விடும். அப்படி நினைத்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். ஆமாம் என்றாலோ, அம்மா இருந்த இடத்தில் இவளை நானே உட்கார வைத்த மாதிரி. என் கையை அவள் இன்னும் விடவில்லை. அவளுக்கு அந்த ஊரில் என்னை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை.

“அவுனு,” என்றேன். “மா அம்மே.”

அதிகாரி பெயருக்குக் கீழே கோடு போட்டார். விரலில் மை வைத்தார்கள். சித்தி பத்தாவது வரை படித்தவள். அம்மா பெயரில் கையெழுத்துப் போடாமல் கட்டை விரலை நீட்டினாள். சீட்டையும் ரப்பர் முத்திரையையும் வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். நானும் கூடப் போகப் பார்த்தேன். அதிகாரி என் தோளைப் பிடித்து மேஜை அருகிலேயே நிறுத்திவிட்டார். மற்றவர்களை விட அவளுக்கு நேரம் அதிகமானது. வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

அன்று மாலையே எண்ணினார்கள். பெரியப்பா ஒரு ஓட்டில் தோற்றார். இன்னொரு தடவை எண்ணச் சொன்னார், அப்போதும் அதே ஒரு ஓட்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். தன் ஓட்டுகளை ஆள் ஆளாக எண்ணி வைத்திருந்தவர் அவர். எல்லோரும் சத்தியம் செய்துவிட்டார்கள், மிச்சம் இவள்தான். நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாருக்குப் போட்டாய் என்று பெரியப்பா கேட்ட குரலில், தப்பான பதில் வந்தால் இவள் நாளைக் காலை பஸ்ஸில் ஊத்துக்கோட்டைக்குப் போக வேண்டியதுதான் என்பது எனக்கே தெரிந்தது. சித்தி இன்னும் அந்தப் புடவையில்தான் இருந்தாள்.

“நான் எங்க மாமா போட்டேன்? அக்கா பேரு, அக்கா ஓட்டு. அவங்க யாருக்குப் போட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெரியப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. காலிக் குடத்தோடு அம்மா நின்றதை அவர் மறந்திருக்க முடியாது. வந்த வழியே போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மா இலை போட்டு அம்மாவுக்குப் படையல் வைத்தாள். பெரியப்பா அந்த இலைக்கு முன்னால் விழுந்து எழுந்தார். நைனா அந்த மாதமே ஃபாரம் எழுதிக் கொடுத்து, அம்மாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அம்மா வந்தாள், சொன்னபடியே செய்துவிட்டுப் போனாள். பெயரைக் கூப்பிட்டார்கள், நானும் ஆமாம் என்றேன், வந்துவிட்டாள். பல வருடம் அப்படித்தான் நம்பினேன். தனியாக உள்ளே போனவள், நாலு மாதம் முன்பு வந்த ஒரு பெண், வீட்டையே பணயம் வைத்து நேரில் பார்த்திராத ஒருத்திக்காக முத்திரை குத்தினாள் என்பது அந்தப் பத்து வயதுக்குப் புரியவில்லை. எல்லாப் பெருமையையும் அம்மாவுக்கே கொடுத்துவிட்டு, சித்தியிடம் வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் பேசினேன்.

புரிந்த பிறகு, போன வருடம், அவளிடமே கேட்டேன். இப்போது நான் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். அன்று பெரியப்பாவிடம் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“மாமாவுக்கே போட்டுடலாம்னுதான் உள்ள போனேன். முத்திரையக் கூட அங்கதான் வெச்சிக்கினு இருந்தேன். நீ பக்கத்துல வந்து நின்னு என் கையப் புடிச்ச பாரு, அப்புறம் எனக்கு மனசு வரல.”

அதிகாரி என் தோளை விடவே இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.