சூடாக்கி வைத்த கார்

ஜெமீல் யாருக்கும் கரைச்சல் கொடுக்காத மனிதர். கலியாணம் முடித்து, கல்முனைக்குடியில் ஸுஹைறாவின் வீட்டுக்கு வந்த முதல் மாரியிலேயே, அவர் தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. குறை சொன்னால் மாமனாரின் மனம் நோகும். மழை பெய்த இரவெல்லாம் பாயை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்தார்.

"மூணு மாரி இப்பிடி நகர்ந்து படுத்த மனுசன்," என்று ஸுஹைறா வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்வாள். "கடைசில எனக்கிட்டயும் சொல்லல்ல. என்ட தலையில ஒழுகின பிறகுதான் எனக்கே தெரியும்."

இப்போது வயது ஐம்பத்தெட்டு. பழைய வெள்ளை ஜப்பான் கார் ஒன்றை ஹயருக்கு ஓட்டுகிறார். ஏறுகிற ஆள் வாசலுக்கு வரும் முன்னமே கார் வாசலில் நிற்கும். சீற் துடைத்திருக்கும். மாரி காலமென்றால் பின் சீற்றில் காய்ந்த துவாய் ஒன்று மடித்து வைத்திருக்கும்.

அவருக்குப் பிடித்த ஹயர் திங்களும் வியாழனும் விடிய வருவது. பாண்டிருப்பில் செபரட்ணம் ஐயாவை ஏற்றி, இரத்தம் சுத்தம் செய்ய மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஐயா தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. மருதமுனை தாண்டும் வரை பேசமாட்டார். ஓந்தாச்சிமடப் பாலத்தில் வாவிக்காற்று முகத்தில் பட்டதும் கதை தொடங்கும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. "உடம்பு எப்பிடி ஐயா?" என்று ஜெமீல் கேட்பார். "சுகமாத்தான் இருக்கன்" என்பார் ஐயா. அங்கே தாதிமார் கேட்டாலும் அதே பதில்தான்.

காருக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஜெமீல் அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரவு முழுக்கக் குளிர்ந்து நின்றால், காலையில் ஸ்டார்ட் ஆகும், உடம்பை உலுப்பும், பிறகு மூச்சடங்கி நிற்கும். சூடேறிவிட்டால் பால் குடித்த பூனை மாதிரி இருக்கும். ஆகவே விடிய, ஸுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி, அக்ஸிலேட்டரில் காலை வைத்து உறுமவிட்டு, சூடாக்கி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார். ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

மகள் நிஹ்லா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்ததோடு அது குழம்பியது. நாற்பது நாள் முடியாத பச்சை உடம்பு. முற்றத்துப் பக்க அறையில்தான் தாயும் பிள்ளையும். அந்தப் புகையையும் சத்தத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? காரை மணல் ஒழுங்கையில் தனியாகத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. ஸ்டார்ட் பண்ணி அப்படியே கிளம்பத் தொடங்கினார்.

அந்தத் திங்கட்கிழமை ஐயாவை ஏற்றி ரோட்டுக்குத் திரும்பியதும் கார் நின்றது. கிளப்பினார். பாண்டிருப்புச் சந்தியில் நின்றது. மருதமுனையில் நடு ரோட்டில் நின்றபோது பின்னால் பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. போய்ச் சேரப் பிந்தியது. ஐயாவுக்கு அன்று மெஷினில் கிடைத்த நேரமும் குறைந்தது.

பின்னேரம் ஐயாவின் மகள் கிருஷிகா போன் எடுத்தாள்.

"அங்கிள், கோவிக்காதீங்க. அப்பாக்கு வந்ததிலயிருந்து சத்தி, குடிச்சதெல்லாம் வெளிய வருது. வியாழக்கிழமைக்கு வேன் ஒண்டு சொல்லி வச்சிருக்கன். கார் சரி வந்தா புதன்கிழமை சொல்லுங்க, வேன நிப்பாட்டுறன். இல்லாட்டி இனி வேன்தான்."

"ஓம் மகள், நீங்க சொல்றதுதான் சரி," என்றார் ஜெமீல். போனை வைத்த பிறகு முற்றத்தில் காரின் பொனெட்டில் கையை வைத்தபடி கனநேரம் நின்றார்.

அன்று பொழுதுபட, மஃரிபுக்கு முன் நளீமின் கராஜுக்குக் கொண்டுபோனார். நளீம் நாற்பது வயதுக்காரன். வாய் கொஞ்சம் நீளம். ஜெமீலை அண்ணன் முறையில் காக்கா என்பான். இஞ்சின் சத்தத்தைக் கேட்டான். அது தூங்குகிற பிள்ளை மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. குறை காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

"காக்கா, சூடான காரக் கொண்டு வந்து வச்சிட்டு குளிர்ல நிக்கிது எண்டு சொன்னா நான் என்ன செய்யிற? ராவைக்கு இஞ்ச கிடக்கட்டும். விடிய நான் வந்து முதல்முதலா ஸ்டார்ட் பண்ணணும். அப்பதான் பிடிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலை நளீம் வந்து சாவியைத் திருப்பினான். கார் ஒரு திருப்பலில் பிடித்து, அடங்கி, அழகாக ஓடியது. உலுப்பும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். அசையவில்லை. இறங்கிப் போய்ப் பொனெட்டில் உள்ளங்கையை வைத்தான், நல்ல சூடு. பிறகு திரும்பி, வேப்ப மரத்தடியில் நின்ற ஜெமீலைப் பார்த்தான்.

"காக்கா. மற்றச் சாவி ஒங்கட சாரன் மடிப்பிலதானே?"

ஜெமீலின் கை இடுப்பில் சாரன் மடிப்பைப் பொத்தியது.

"எப்ப வந்த?"

"ஸுபஹு தொழுதிட்டு..." குரல் இறங்கிவிட்டது. "கராஜில நாலு பேர் வந்து போற. அவங்களுக்கு முன்னால அது நிண்டு நிண்டு இழுத்தா..."

நளீம் சிரித்த சிரிப்பில் அடுத்த தேத்தண்ணிக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அல்லாவே! பொம்புள பார்க்க ஆக்கள் வாறாங்க எண்டு பவுடர் பூசி வச்சிருக்கீங்க! நான் மாப்பிள்ள வீட்டுக்காரன் இல்ல காக்கா, நான் மெக்கானிக். எனக்கு அவ இருமுறதுதான் வேணும். தாங்க சாவிய. ரெண்டையும்."

அன்று முழுக்க ஜெமீலுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஸுஹைறாவுக்கு விஷயம் விளங்கியது. "போய்ப் பக்கத்தில நில்லுங்க," என்றாள் புதன் காலை. "ஆனா கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். நளீம் பொனெட்டைத் தொட்டுப் பார்த்தான், பனி ஈரம். ஸ்கேனரைச் செருகினான். ஸ்டார்ட் பண்ணினான். கார் பிடித்தது, உலுப்பியது, விக்கியது, நின்றது. தேத்தண்ணிக் கடையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெமீலின் கால் தன்பாட்டில் மணலை அழுத்தியது, அங்கே அக்ஸிலேட்டர் இருப்பது போல.

"இன்னொருக்கா," என்றான் நளீம். மறுபடியும் விக்கி நின்றது. அவன் முகம் மலர்ந்தது. "வாங்க காக்கா, இதப் பாருங்க."

ஸ்கேனர் திரையில் இஞ்சின் தண்ணியின் சூடு எண்பத்துநான்கு என்று காட்டியது.

"ராவெல்லாம் பனியில கிடந்த இஞ்சின். பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. ஆனா இந்தச் சென்சர் கொம்பியூட்டருக்கு என்ன சொல்லுது? நான் சூடாத்தான் இருக்கன், எனக்கு ஒண்டும் வேணாம் எண்டு சொல்லுது. அதுவும் நம்பி பெற்றோலக் குறைச்சு விடுது. குளிர்ந்த இஞ்சினுக்குக் கூடத்தானே வேணும்? சூடேறின பிறகு அது சொல்றது உண்மையாப் போகுது. அதுதான் எனக்கு அண்டைக்குப் பிடிபடல்ல."

ஜெமீல் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "வேற ஒண்டுமில்லயா?"

"ஒண்டுமில்ல. விரல் அளவு சாமான். புதுசு ஒண்டு பகலைக்குப் போட்டுத்தாறன்."

போட்டான். ஆனால் குளிர்ந்த பிறகுதானே உண்மை தெரியும்? கிருஷிகாவுக்கு என்ன சொல்வது? பின்னேரம் அஸர் தொழுகை வரை காரை நிழலில் விட்டார்கள். பொனெட் ஆறியதும் நளீம் சாவியை நீட்டினான். கார் பிடித்தது, வேகம் தானாக உயர்ந்து, மெல்ல மெல்ல இறங்கி அமர்ந்தது. ஜெமீல் அங்கேயே நின்று போன் எடுத்தார். "மகள், வேன நிப்பாட்டுங்க."

வியாழன் விடிய, தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் காரில் ஏறினார். காலை அக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்தார். சாவியைத் திருப்பினார். கார் உறுமாமல் பிடித்தது; முற்றத்து அறையில் பிள்ளை விழிக்கவில்லை.

பாண்டிருப்பில் கிருஷிகா பையை வைத்துக் கதவைச் சாத்தினாள். ஐயா ஏறி அமர்ந்து இஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டார். அன்று மருதமுனை வரை காத்திராமல் வாய் திறந்தார்.

"வழக்கம் போல சூடாக்கிப்போட்டுத்தான் வந்தனியோ?"

"இல்ல ஐயா. குளிரோட எடுத்தன். தன்ட பாட்டில வந்திச்சு." பிறகு ஜெமீல், மூன்று நாள் கதை முழுவதையும், வேப்ப மரத்தடியையும் விடாமல், சொல்லிமுடித்தார். ஐயா தோள் குலுங்கச் சிரித்தார்.  ஓந்தாச்சிமடப் பாலம் வந்தது.

"உடம்பு எப்பிடி ஐயா?"

"சுகமா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். வாவியில் ஒரு தோணி வலை இழுத்துக்கொண்டிருந்தது.

"ராவெல்லாம் கால் இழுத்தது, ஜெமீல். நித்திரையே இல்ல. நெஞ்சும் கொஞ்சம் அடைக்கிற மாதிரி."

ஜெமீல் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "அங்க போனதும் இதையே சொல்லுங்க ஐயா. நானும் உள்ளுக்கு வாறன்."

"ஓம்," என்றார் ஐயா. "நீயும் வா."