'பா' என்றால் பஞ்சமம்

நேற்று மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். போன் வந்தது. என்னிடம் பாட்டுக் கற்கும் ஒரு சிறுமியின் அம்மா. "மிஸ், ஜாஸ் பாட்டும் சொல்லித் தருவீங்களாமே? ஆன்வல் டேக்குள்ள பாப்பா பாடிடுவாளா?" ஆண்டு விழாவுக்கு மூன்றே வாரம். "பாடிடுவா, நல்ல குரல்" என்றேன். அந்தக் குழந்தைக்குச் சுருதி இன்னும் பக்கத்துத் தெருவில்தான் நிற்கிறது. நாள் முழுக்கக் கத்தி ஓய்ந்த பிறகு உண்மை பேச யாருக்குத் தெம்பு இருக்கிறது, சொல்லுங்கள்?

பக்கத்தில் பூக்கூடை. மல்லிகை வாசனை வந்தாலே எனக்கு ஸ்டெல்லாவின் தும்மல்தான் ஞாபகம் வரும்.

ஸ்டெல்லாவும் நானும் அப்போது ஒரே பள்ளியில் பாட்டு டீச்சர்கள். ஒரே வயது. நான் கர்நாடக சங்கீதம், அவள் வெஸ்டர்ன். சனிக்கிழமைகளில் தலைநிறையப் பூவோடு பாலக்கரையில் அவள் வீட்டு மாடிக்குப் போவேன். நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவாள். தும்மலிலும் தாளம் தப்பாது.

ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதியம் ஜாஸ் பாட இரண்டு பெண் குரல் தேடினார்கள். பள்ளியை விட்டுப் பாட்டிலேயே பிழைக்க வேண்டும் என்பது அவள் கனவு. "நீ வந்தா கெடைச்சிடும்ப்பா" என்றாள். எனக்கும் ஆசை இருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை.

முதல் தொல்லை என் கை. தானாகத் தொடையில் ஆதி தாளம் போடும். "தொடைய விடுப்பா! ரெண்டாவது அடியிலயும் நாலாவது அடியிலயும் சொடக்குப் போடு!" பஸ்ஸில் பழகினேன். கண்டக்டர் முறைத்தார். "என்னம்மா, சொடக்குப் போட்டுக் கூப்புடுறீங்க?" அன்றைக்கு இறங்கும்வரை தலை நிமிரவில்லை.

கை அடங்கியது, நாக்கு அடங்கவில்லை. ஜாஸில் நடுவே வார்த்தையே இல்லாமல், 'தூபா பாதா' என்று வாய்க்கு வந்ததை மெட்டில் ஓட விட வேண்டும். எனக்கோ ஐந்து வயதிலிருந்து 'பா' என்றால் பஞ்சமம். அதற்கு இரண்டு ஸ்வரம் கீழே, காந்தாரத்தில் நின்றுகொண்டு 'பா' என்று சொன்னால் குரல் தானாகப் பஞ்சமத்துக்கு ஏறிவிடும்.

"காந்தாரத்துல நின்னு 'பா'ன்னா பொய் சொல்றாப்ல இருக்குடி."

"அது வெறும் சத்தம்ப்பா!"

ஹோட்டலில் எங்கள் குரலைச் சோதிக்கும் ஞாயிறும் வந்தது. ஹோட்டல் மேனேஜர் எதிரே உட்கார்ந்தார். ஸ்டெல்லா அழகாகப் பாடி, என் பக்கம் கை காட்டினாள். 'பா' என்றேன். குரல் பஞ்சமத்துக்கு ஓடியது, பாட்டு வேறெங்கோ இருந்தது. இன்னொரு தரமும் அப்படியே. மூன்றாம் தரம் வாயை மூடிக்கொண்டேன். "பாத்துட்டுச் சொல்றோங்க" என்றார் மேனேஜர். சொல்லவே இல்லை.

வாசலில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "உனக்குப் பொய் வராதுப்பா, என்ன பண்றது" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருஷம் கல்யாணமாகி துபாய் போனாள். அங்கே பாடுவதே இல்லையாம். அவள் கனவைக் கெடுத்தது என் நாக்குதான். இன்றும் அது உறுத்துகிறது.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, காவிரிப் பாலத்தின் மேல், யாருக்கும் கேட்காமல் காந்தாரத்தைப் பிடித்து 'பா' என்றேன்.

நின்றது. பஞ்சமத்துக்கு ஏறாமல், துளிகூட நகராமல் நின்றது.

இத்தனை வருஷத்தில் எத்தனை அம்மாக்களிடம் 'நல்ல குரல்' என்று சொல்லியிருப்பேன். ஸ்டெல்லா சொன்ன அந்த 'வராத பொய்' என்றைக்கு எனக்கு வந்து சேர்ந்ததோ, தெரியவில்லை.